கோணல் என்னுடையது

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

முதலில் மன்னிப்பு. இந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. வரி மேலே ஏறும், பிறகு சறுக்கிக் கீழே வரும். நாற்பது வருஷம் சுவருக்குப் பெயின்ட் அடித்த கை இது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று நீளமாக இழுத்துத்தான் பழக்கம். ‘ஞ’ மாதிரி ஓர் எழுத்துக்குள் புகுந்து வளைந்து வெளியே வருவது, நகர்த்த முடியாத அலமாரிக்குப் பின்னால் பிரஷ் விடுவதுபோல இருக்கிறது. இதுவரை எழுதியதற்கே ஒரு டீ ஆகிவிட்டது. இது நான் எழுதும் முதல் கடிதம். எழுபது வயதில் முதல் கடிதம் எழுதுகிறவனுக்கு எவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று உனக்குச் சொல்ல ஆசை. அதற்கான வார்த்தையில் ‘ழ’ வருமோ ‘ள’ வருமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

தெருவில் இப்போது நான் வேகமாக நடப்பதில்லை. ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே போகிறேன். உன் அத்தைக்குப் பொறுக்கவில்லை. “பால் வாங்கப் போனவரு பால் திரிஞ்ச பிறகு வர்றாரு” என்கிறாள். இத்தனை வருஷம் நான் வேலை செய்த வீடுகளில் எல்லாம் ‘பெயின்ட் ஈரம், தொடாதீர்கள்’ என்ற அட்டையை மாட்டிவிட்டுத்தான் வருவேன். அதை நேற்றுப் பரண்மேலிருந்து எடுத்துப் படித்தேன். ஆணி ஓட்டை கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. அத்தனை வருஷமும் தலைகீழாகத்தான் தொங்கவிட்டிருக்கிறேன். ஜனங்கள் அதைப் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை நூலக மாடியில் முதியோர் எழுத்து வகுப்புக்குப் போனோம். வகுப்பு டேப்லெட்டை, அதான் எங்கள் டேப்பை, திறந்தோம். பேனாவால் அதன்மேல் எழுதினால், வளைவு எங்கே போதவில்லை என்று அது பச்சைக் கோட்டில் காட்டும் அல்லவா? அது வெளிநாட்டில் என் மருமகள் வேலை செய்யும் கம்பெனி செய்தது என்று எல்லாரிடமும் பெருமை அடித்து வைத்திருந்தேன். அன்றைக்குப் பச்சையும் இல்லை, கோடும் இல்லை. ஒரு வாக்கியம் மட்டும் நின்றது. டீச்சர் வருவதற்கு முன்பே நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். ‘உங்கள் நாட்டில் இந்தச் சேவை இனிமேல் கிடைக்காது.’ யார் உதவியும் இல்லாமல் நான் முழுசாகப் படித்த முதல் வாக்கியம் அது. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

எங்கள் வகுப்பில் ஒரு லிஃப்ட்காரர் இருக்கிறார். ஆஸ்பத்திரி லிஃப்டில் முப்பது வருஷம். வகுப்புக்கு வந்தபோது எண்கள் மட்டும்தான் தெரியும். அவர் என்னைப் பார்த்து, “என்னங்க, உங்க மருமக கம்பெனி கடையைச் சாத்திட்டாங்க போல?” என்றார். சலவைக்கடை அக்கா விடவில்லை. “நாம ரெண்டு வருஷமா எழுதினது எல்லாம் அவங்ககிட்டதானே இருக்கு? துவைக்கத் துணியை வாங்கிட்டு, கடையைப் பூட்டிட்டு ஊரை விட்டுப் போன மாதிரி இருக்கே!”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீயே சொல்லு. எங்கள் துணி எங்கே?

டேப் இல்லாததால்தான் இந்தக் காகிதம். உயிருள்ள ஓர் ஆளுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். உன் புருஷனுக்கு எழுதினால் பதில் வராது. என் மகனைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால் உனக்கு.

வழியில் சம்பந்தியின் பஞ்சர் கடைக்குப் போனேன். “உங்க மகளுக்கு லெட்டர் எழுதப் போறேன், ஏதாவது சொல்லணுமா?” என்றேன். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எழுதுங்க, எழுதுங்க” என்று ஒரு பக்கத்தைப் புரட்டினார். அவ்வளவுதான்.

கோபமாக எழுதிவிட்டேனோ? ‘கோ’வுக்குக் கொம்பு பெரிதாக விழுந்துவிட்டது. அதனால் அப்படித் தெரியலாம்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. முதல் பக்கத்தில் பாதி புரியவில்லை. உங்கள் ‘ற’ எப்போதும் வலப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்கிறது. அது ‘ற’தான் என்று பிடிபட்டதும் மற்றதெல்லாம் தானாகத் திறந்துகொண்டது. இரண்டாம் பக்கத்தில் நின்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உங்கள் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், தலைகீழ் அட்டைக் கதையைக் கேட்டுவிட்டுத் தூங்கவே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் சலவைக்கடை அக்காவின் வார்த்தை எனக்கு வலித்தது. நாங்கள் எதையும் திருடிக்கொண்டு ஓடவில்லை. அங்கே புதுச் சட்டம் வந்திருக்கிறது. நாட்டு மக்களின் குரல், முகம், கையால் எழுதியது எதையும் அவரவர் சம்மதம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே வைக்கக் கூடாது. அவற்றை வைத்து ஒரு பொருள் செய்தால் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. கம்பெனி கணக்குப் போட்டுப் பார்த்தது. அங்கே தனியாக சர்வர் வைக்கும் அளவுக்கு ‘சந்தை பெரியதில்லை’ என்று ஒரே கூட்டத்தில் முடிவு செய்தார்கள். உங்கள் பக்கங்களை எல்லாம் அழித்துவிட்டார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். துணி இல்லை மாமா. யாரிடமும் இல்லை.

அங்கே உட்கார்ந்து சட்டம் போட்டவர்கள்மேல் எனக்குக் கோபம். திருடனைத் தடுக்கச் சுவர் எழுப்பினால் விருந்தாளியும்தானே வெளியே நிற்க வேண்டும்? நடுங்கும் கை எழுதியதைப் படிப்பது எப்படி என்று மூன்று வருஷம் மண்டையை உடைத்தேன். அந்த முறைக்குக் காப்புரிமை கம்பெனி பெயரில். என் ஒப்பந்தத்தின்படி, நான் குளிக்கும்போது யோசித்ததுகூட அவர்களுடையது. அதை இப்போது ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டு, என்னைப் பரிசு அட்டைகளுக்கு அலங்கார எழுத்துச் செய்யும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ரோஜாப்பூவில் தொங்கும் எழுத்துகள். அதுதான் இப்போது என் வேலை.

அப்பாவைப் பற்றி எழுதினீர்கள். நான் கிளம்பிய அன்று அவருக்கு நான்கு பக்கம் எழுதி, கடை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஏன் போகிறேன் என்று. கடைசியில், ஒரு வரியாவது பதில் போடுங்கள் என்று கேட்டிருந்தேன். மூன்று வருஷம் ஆகிறது. போனில் பேசினால் “ம், சரி, சாப்பிட்டியா” என்பதோடு முடிகிறது. அம்மா இருந்தவரை காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பாள், அவர் டயரைக் கழற்றிக்கொண்டே கேட்பார். வீட்டில் அவ்வளவு பேச்சு இருந்தது. இப்போது பேப்பரை அவரே வைத்துக்கொள்கிறார், என் கடிதத்துக்கு மட்டும் பதில் இல்லை. நான் போனதை அவர் மன்னிக்கவில்லை. இருக்கட்டும்.

நீங்களாவது எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 2

அன்பு மருமகளுக்கு,

என் ‘ற’ படுத்துக்கொள்கிறது என்று நீ எழுதியதை உன் அத்தையிடம் காட்டினேன். “எழுதறவரு மாதிரிதானே எழுத்தும் இருக்கும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். இத்தனை நாள் துணிக்கடை பில்லை அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். நேற்று நானே படித்தேன். அவள் பில்லை என் கையிலிருந்து வாங்கிச் சரிபார்த்தாள்.

உன் கடிதத்தை வகுப்பில் நானே எழுந்து நின்று வாசித்தேன். உன் அப்பாவைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டேன், அது நம் குடும்ப விஷயம். பக்கங்களை அழித்துவிட்டார்கள் என்ற இடம் வந்ததும் லிஃப்ட்காரர் தன் நோட்டை மூடிவைத்தார். சலவைக்கடை அக்காதான் மெதுவாக, “பாவம், அந்தப் பொண்ணு வேலையும் சேர்ந்துல்ல போயிருக்கு” என்றார். உன்னைத் திட்டியதற்கு அவர் வழியில் மன்னிப்பு. எடுத்துக்கொள்.

அதே வாரம் நூலகத் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். பலகையில் ‘இறையாண்மை’ என்று எழுதினார். பார்த்து எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நம் நாட்டில் என்ன நடக்க வேண்டும் என்று நாமே சொல்வது, அவ்வளவுதானாம். லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார்.

“அப்போ நான் எழுதற ‘அ’ எனக்கே சொந்தமா?”

“எழுத்து எல்லாருக்கும் பொதுங்க. நீங்க எழுதின விதம் உங்களுது.”

“அதாவது வளைஞ்சு நெளிஞ்சு கிடக்குதே, அது மட்டும் நம்மளுது” என்றார் சலவைக்கடை அக்கா. “நேரா இருக்கறது ஊருக்கு. கோணல் நமக்கு. நல்ல பங்கு!”

எல்லாரும் சிரித்தோம். அதிகாரி அம்மாவும் சிரித்தார். ஆனால் எனக்கு அது பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து ‘கோணல் என்னுடையது’ என்று எழுதிப் பார்த்தேன். என் பெயரில் வீடு இல்லை, நிலம் இல்லை. இது இருக்கிறது.

நானும் கேட்காமல் விடவில்லை. “சட்டம் போட்டீங்க, டேப் அணைஞ்சு போச்சு. சொந்தம் கிடைச்சு என்ன புண்ணியம்?” என்றேன். அந்த அம்மா ஒளிக்கவில்லை. “முதல்ல பூட்டு வந்துடுச்சுங்க. சாவி இப்பத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கோம்” என்றார். இனி அவரவர் பக்கத்தை யாருக்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாம் என்று அவரவரே எழுதித் தரலாமாம். பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் ஆரம்பித்திருக்கிறார்களாம். நாட்டுக்குள் இருக்கும் தரவை வைத்துப் புதிதாக ஏதாவது செய்கிறவர்களுக்கு அங்கே இடமும் வேலையும். செய்து முடித்தால் அது எல்லா நூலகங்களுக்கும் பொது.

நீ சுவர் என்கிறாய். சுவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. நான் வேலை செய்த எந்த இடத்திலும் முதலில் பார்ப்பது தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதைத்தான். உள்பக்கம் இருந்தால் வீடு. வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் லாக்கப். இரண்டுக்கும் ஒரே பெயின்ட்தான் அடிப்போம். இந்தத் தாழ்ப்பாள் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. நாங்கள் கூடிப் பேசி ஒரே முடிவாக இருக்கிறோம். கதவைத் திறந்தால் உனக்குத்தான் திறப்போம். உன் கம்பெனிக்கு இல்லை.

வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் பிழைப்பு. ஆனால் ரோஜாப்பூவில் எழுத்தைத் தொங்கவிடவா நீ அவ்வளவு தூரம் போனாய்?

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 24

அன்புள்ள மாமா,

வேலையை விட்டுவிட்டேன்.

இதை எழுதிவிட்டு ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகன், “அப்பாவோட லெட்டரைப் படிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும்” என்கிறார். பல்கலைக்கழகக் கூடத்துக்கு எழுதினேன். ஜூன் முடிவதற்குள் புதிதாக எழுதக் கற்பவர்களின் கையை ஒரு முறையால் படித்துக் காட்டு, காட்டினால் இடம் உண்டு என்று பதில் வந்தது. காட்டாவிட்டால், எனக்கு ரோஜாப்பூவும் இல்லை.

கம்பெனியின் முறையை நான் தொட முடியாது. தொடவும் மாட்டேன், நான் செய்ததாக இருந்தாலும் அது அவர்களுடையது. ஆனால் அதைத் தொடாமல் யோசிக்க வேண்டியிருந்ததால்தான், வேலையை விட்ட பிறகு வேறொன்று கிடைத்தது. உங்கள் ‘ற’தான் காரணம். கம்பெனி முறை எல்லாக் கைகளையும் ஒரே அச்சில் வைத்து, கோணலை நிமிர்த்திப் பார்க்கும். நான் உங்கள் கடிதத்தை அப்படிப் படிக்கவில்லையே? உங்களோடு பழகிப் படித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கோணல். அந்தக் கோணல் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். அதைப் பழகிக்கொண்டால் போதும். பழகுவதற்கு ஒரு பெரிய சர்வர் வேண்டியதில்லை, அந்த ஒரு டேப் போதும். எழுதியது எதுவும் அறையைவிட்டே வெளியே போக வேண்டாம். சுவர் இல்லாமல் இருந்திருந்தால் இதை நான் யோசித்திருக்க மாட்டேன் என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

பழகுவது எப்படி என்று அதற்கு முதலில் சொல்லிக்கொடுக்கத்தான் உங்கள் பக்கங்கள் வேண்டும். நான் போனில் கேட்டதும் உங்கள் வகுப்பு அனுப்பியது கூடத்துக்கு வந்துவிட்டது. பக்கங்கள் அங்கேயே இருக்கின்றன, நான் பார்க்கக்கூட இல்லை. என் முறையை அங்கே அனுப்புவேன். அது படித்துவிட்டு எத்தனை தப்பு செய்தது என்று மட்டும் எனக்குச் சொல்லும். நேற்றுச் சொன்னது: ஒரு தப்பும் இல்லை.

நான் எழுந்து குதித்தேன் மாமா. கீழ்வீட்டார் மேலே வந்து கேட்டார்கள். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். முதல் தடவையிலேயே ஒரு தப்புகூட இல்லாமல் எது நடக்கும்? கூடத்துக்குப் போன் செய்தேன். அங்கே இருக்கும் பெண் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், எல்லாரும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு எழுதியிருக்காங்க. புத்தகம் அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

என்ன செய்தீர்கள்? ஒரு பக்கத்தை எத்தனை தடவை எழுதினீர்கள்? எனக்கு வேண்டியது கோணல். நீங்கள் எல்லாரும் சேர்ந்து, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, அதைத் துடைத்துவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள்!

உங்கள் கடிதங்களைக் கொடுத்தால் என்ன என்று உங்கள் மகன் கேட்டார். கொடுக்க மாட்டேன். அவை எனக்கு வந்தவை.

கொஞ்சம் கோணலாக எழுதி அனுப்புங்கள், சீக்கிரம்.

அன்புடன்,
மருமகள்


மே 11

அன்பு மருமகளுக்கு,

தப்பு எங்களுடையதுதான். அரசாங்கக் கூடத்துக்குப் போகிறது, நம் மருமகள் மானம் இதில் இருக்கிறது என்று எல்லாருமே புதுப் பேனா வாங்கினோம். லிஃப்ட்காரர் ஒரு பக்கத்துக்காக ஒரு வாரம் எழுதினார். விசேஷ வீட்டுக்குப் போகும்போது சட்டையை இஸ்திரி போடுவதில்லையா? அந்த மாதிரி.

சரி, கோணலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். மருமகளே, வரவில்லை! டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ரெண்டு வருஷமா நேரா எழுதுங்க நேரா எழுதுங்கன்னு கத்தினேன். இப்ப கோணலா எழுதுங்கன்னு கெஞ்சறேன். என் தலையெழுத்து!” நான் இடது கையால் எழுதினேன். லிஃப்ட்காரர் ஓடும் பஸ்ஸில் எழுதினார். சலவைக்கடை அக்கா கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டு, “குடிகாரன் கோலத்துல இருக்கு, எனக்கே பார்க்க வெட்கமா இருக்கு” என்று கிழித்துப் போட்டார். எங்கள் கோணல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வந்தது. நீ சொல்வதுபோலத் திரும்பத் திரும்ப வருகிற கோணல், எழுதத் தெரியாதவனுக்குத்தான் வரும். நீ சொன்னதிலிருந்து என் ‘ற’கூட வெட்கப்பட்டு நிமிர்ந்துவிட்டது; எங்களுக்கு அந்த யோகம் போய்விட்டது.

அப்போதுதான் அக்கா மேசையைத் தட்டினார். “நம்மகிட்ட இல்லேன்னா என்ன? ஊர்ல இல்லாமலா போச்சு? ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க.”

பார், அது எங்களுக்குத் தோன்றவே இல்லை! அடுத்த வாரமே ஆரம்பித்தாயிற்று. அக்கா தன் கடைக்கு வருகிறவர்களில் துணிச்சீட்டைப் படிக்காமல் நீட்டுகிறவர்களைக் கவனித்து மூன்று பேரைப் பிடித்துவிட்டார். லிஃப்ட்காரர் தன் தம்பியையும் தம்பி மனைவியையும் கூட்டி வந்தார். “இவனுக்கு நான் முப்பது வருஷமா மாடி நம்பர் சொல்லிக் கொடுத்தேன். இனி எழுத்து நீங்க சொல்லிக் கொடுங்க” என்று தம்பியை முன்னால் தள்ளினார். ஆள் குறைந்தால் மாடி அறையைப் பூட்டிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. இப்போது நாற்காலி போதாமல் கீழே வாசிப்பு அறையிலிருந்து பெஞ்சு தூக்கி வருகிறோம்.

நானும் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது அவர் விஷயம், என்னுடையது இல்லை. எப்படிக் கூட்டி வந்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே தொழில் செய்த கள்ளனுக்கு இன்னொரு கள்ளனைத் தெரியாதா? நானும் அந்த வித்தை எல்லாம் காட்டியவன்தானே! பேப்பரில் எழுத்து நிறைந்த பக்கத்துக்கும் படம் நிறைந்த பக்கத்துக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொண்டு புரட்டுவது. யாராவது ஏதாவது நீட்டினால் “கண்ணாடி கொண்டு வரல, நீங்களே படிங்க” என்பது. அன்றைக்கு நான் ஒரு நோட்டீஸை நீட்டியதும் அவர் அதைச் சொன்னபோது கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தலைகீழ் அட்டைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு, “எத்தனை நாள்ல வரும்?” என்றார்.

“எது?”

“ஒரு நாலு பக்கம் படிக்கற அளவுக்கு.”

“நீங்க இன்னைக்கு வந்தா, நாளைக்கு வர்றதைவிட ஒரு நாள் முன்னாடி வரும்” என்றேன்.

கடையை அரைநாள் சாத்திவிட்டு வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் எழுத்தை எழுதினார். எவ்வளவு அழகான கோணல்! பொறாமையாக இருந்தது.

இப்படிக்கு,
மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமா,

தப்பு வந்தது! வண்டி வண்டியாகத் தப்பு வந்தது. இந்தத் தடவை கீழ்வீட்டார் மேலே வரவில்லை, பழகிவிட்டது. முதல் நாள் என் முறை பாதிக்கு மேல் தவறாகப் படித்தது. பழகப் பழகத் தவறு கரைந்துகொண்டே வந்தது. மூன்றாம் வாரத்தில் லிஃப்ட்காரரின் தம்பி எழுதியதை அவருக்கே புரியாத இடத்திலும் படித்துவிட்டதாம். கூடத்துப் பெண் போன் செய்து சொன்னாள். எனக்கு இடம் கிடைத்துவிட்டது மாமா. நாங்கள் ஜூலை கடைசியில் வருகிறோம். உங்கள் மகனுக்கும் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பேசியாகிவிட்டது.

நடுவில் கம்பெனியின் வக்கீல் ஒரு கடிதம் அனுப்பினார், எங்கள் முறையை எடுத்துக்கொண்டு போனாயா என்று. இரண்டு நாள் உட்கார்ந்து என் குறிப்புகளை எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் விரித்துக் காட்டினேன். அவர்களுடையது கோணலை நிமிர்த்துவது, என்னுடையது கோணலோடு பழகுவது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் பழைய மேலாளர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இதை நாம் இங்கே யோசித்திருக்கலாம்.’ அதை இரண்டு தடவை படித்தேன், கொஞ்சம் திமிராக.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வகுப்பில் ஒருவர் மட்டும் தன் பக்கங்களைத் தர மறுத்துவிட்டாராம். தினமும் வருகிறார், எல்லாரையும்விட அதிகம் எழுதுகிறார், ஆனால் தர மாட்டேன் என்கிறாராம். அவர் இஷ்டம், குறையொன்றும் இல்லை. நீங்கள் கூட்டி வந்தவர்தானா? யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அப்பாவிடம் போனில் வருகிற தேதியைச் சொன்னேன். “ம், சரி” என்றார். வழக்கம்போல அத்தோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. என் விலாசத்தைக் கேட்டார். அதுவும் ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாகச் சொல்லச் சொன்னார். “எதுக்குப்பா? நான்தான் வரேனே” என்றேன். “சும்மாத்தான்” என்றார்.

என்ன நடக்கிறது அங்கே?

அன்புடன்,
மருமகள்


ஜூன் 30

அன்பு மருமகளுக்கு,

டேப் எல்லாம் மறுபடி எரிகிறது! பச்சைக் கோடு இல்லை இப்போது. நாம் எழுதியதைப் படித்துவிட்டு, “இதுதானே?” என்று கேட்கிறது. ஆமாம் என்றால் சந்தோஷப்பட்டுக்கொள்கிறது. சலவைக்கடை அக்கா அதனிடம், “புரிஞ்சுதா? இல்லேன்னா இன்னொரு தரம் எழுதறேன், வெட்கப்படாதே” என்கிறார். அதிகாரி அம்மா வந்து, பக்கத்து ஊர் நூலகங்கள் கேட்கின்றன என்றார். எங்கள் கோணல் ஊர் ஊராகப் போகப்போகிறது. லிஃப்ட்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல அனுமதி கிடைத்துவிட்டது. நேற்றுத்தான் கிடைத்தது. நான் கூட்டி வந்தவர் உன் அப்பா.

உட்கார்ந்துகொள். நானும் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அதைக் கடையில், டியூப் வைக்கும் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். உன் அம்மா இருந்திருந்தால் சத்தமாக வாசித்திருப்பாள். மற்றவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. “என் மக எனக்கு எழுதினதை இன்னொருத்தர் வாயால கேக்கணுமா?” என்கிறார். நீ கோபம் என்று நினைத்தது கோபம் இல்லை.

புதுப் பக்கங்களை அனுப்பும்போது அதிகாரி அம்மா சம்மதப் பத்திரத்தை நீட்டினார்; அப்போது அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். எல்லாரும் ‘சம்மதம்’ என்று எழுதிக் கொடுத்தோம். அவர் பேனாவை வாங்கினார். வெகுநேரம் எழுதினார். ‘மாட்டேன்’ என்று இருந்தது. தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் அரசாங்கக் காகிதத்தில் அவர் எழுதிய வார்த்தை! அதிகாரி அம்மா, “அது உங்க உரிமைங்க” என்று மரியாதையாக வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் நான் சும்மா இருப்பேனா?

“என்னங்க சம்பந்தி, உங்க மக வேலைக்குத்தானே கேக்கறாங்க? அவளுக்கே தர மாட்டீங்களா?”

“அவளுக்கேதான் தரேன். ஊருக்கு வேணும்னா வேற கோணல் எழுதித் தரேன். முதல் கோணல் என் மகளுக்கு.”

சுவர், தாழ்ப்பாள், இறையாண்மை என்று நான் பெரிதாகப் பேசியது எல்லாம் அந்த மனுஷருக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது போல.

அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். தனியாக உறையில் போட்டு, பஞ்சர் ஒட்டும் பசையால் ஒட்டிக் கொடுத்தார். கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் பிரிக்க வேண்டும். உறைமேல் இருக்கும் விலாசமும் அவர் எழுதியதுதான். கடைசி வரியில் இடம் போதாமல் பின்பக்கம் போய்விட்டது, திருப்பிப் பார். நான் உள்ளே இருப்பதைப் படிக்கவில்லை. ஒட்டுவதற்கு முன்னால் என் கண்முன்னேதான் மேசையில் இருந்தது. எழுபது வருஷம் படிக்கத் தெரியாமல் படிக்காமல் இருந்தேன். நேற்றுத்தான் படிக்கத் தெரிந்தும் படிக்காமல் இருந்தேன். அதில் இவ்வளவு பெருமை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது தினமும் கடையைச் சாத்தியபிறகு உன் நாலு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவரே எழுத்துக் கூட்டுகிறார். ஒரு நாளைக்கு இரண்டு வரி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், எட்டிப் பார்க்கக் கூடாது. நேற்று ஓர் இடத்தில் நின்று, தானாகச் சிரித்தார். என்ன என்றேன். “உங்களுக்கு இல்லை” என்றார். இரண்டாம் பக்கத்தில் பாதி தாண்டிவிட்டார். நீ வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார். நான்தான், மெதுவா போங்க, ஓடவா போகுது என்கிறேன்.

முடிவில் என்ன எழுதியிருக்கிறாய் என்று போனில் உளறிவிடாதே. அவர் எந்த வரிக்கு வந்திருக்கிறார் என்று நான் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாமா